அழுக்கைக் கொண்டே அழுக்கை வெளுத்தல்



ஐம்புலன்களைக் கட்டி வைக்கச் சொல்லாத சமயம் உலகத்தில் அரிது. கண் அலையக் கூடாது, நாக்கு நீளக் கூடாது, காது கண்டதையும் கேட்கக் கூடாது என்று எல்லாச் சமயத்துப் பெரியவர்களும் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கள் சமயமும் அதைச் சொல்கிறது. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு, எங்களைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்கிறது? கண்ணுக்கு அலங்காரமும் அடுக்குத் தீபமும். காதுக்கு மணியும் தவிலும் நாதசுரமும் பஞ்சபுராணமும். மூக்குக்குச் சாம்பிராணியும் சந்தனமும். நாக்குக்குப் பஞ்சாமிர்தமும் சர்க்கரைப் பொங்கலும் மோதகமும். தோலுக்குத் திருநீறும் குளிர்ந்த தீர்த்தமும். அடக்கச் சொன்ன ஐந்துக்கும் அங்கே விருந்து வைக்கிறார்கள்.

இங்கே பிறந்து வளரும் எங்கள் பிள்ளைகள் இதைச் சும்மா விடுவதில்லை. "பள்ளிக்கூடத்தில் தியானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கச் சொல்கிறார்கள். கோயிலில் மட்டும் ஏன் இவ்வளவு சத்தம், இவ்வளவு புகை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். "அது அப்படித்தான், பேசாமல் கும்பிடு" என்று சொல்லி முடித்துவிட்டால் பிள்ளை கும்பிடும், ஆனால் கேள்வி அப்படியே இருக்கும். இந்தக் கேள்விக்கு எங்கள் முன்னோர் 1400 ஆண்டுகளாகப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். சில வேளை பாட்டாகவும், சில வேளை சாத்திரமாகவும், சில வேளை வாழ்ந்து காட்டியும் சொன்னார்கள். சில வேளை தவறியும் போனார்கள். அந்த வரலாற்றையே இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

சுண்ணாம்பு அறையில் தெரிந்த நிலவு

கதை 7 ஆம் நூற்றாண்டில், பல்லவர் ஆண்ட தமிழ்நாட்டில் தொடங்குகிறது. இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ள திருவாமூரில் மருணீக்கியார் என்ற பிள்ளை பிறந்தார். அவருடைய அக்கா திலகவதியார். அக்காவுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை போரில் இறந்து போனார். தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தார்கள். தானும் உயிரை விடத் துணிந்த அக்கா, தம்பியை வளர்க்க வேண்டும் என்பதற்காகவே உயிரோடு இருந்தார். பெரிய புராணத்தில் இந்த இடத்துக்கு வரும்போது, எங்கள் நேயர்களில் பலருக்குத் தங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு நினைவுக்கு வராமல் போகாது.

தம்பி வளர்ந்து சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரில் அங்கே ஒரு தலைவரானார். சமணம் கடுமையான ஒழுக்கத்தின் சமயம். உணவைக் குறைத்து, புலன்களை ஒடுக்கி, உடம்பை வருத்தி உயிரைத் தூய்மையாக்குவது அதன் வழி. தமிழ் இலக்கியமும் இலக்கணமும் சமணருக்குப் பெரிய கடன் பட்டிருக்கின்றன. ஆகவே அவர்களைத் தாழ்த்திப் பேசுவது இங்கே நோக்கம் அல்ல. அந்த வழி ஒன்று, அப்பர் பிறகு கண்ட வழி வேறொன்று என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம்.

தருமசேனருக்குத் தாங்க முடியாத சூலை நோய் வந்தது. இரவோடு இரவாக அக்காவிடம் வந்து சேர்ந்தார். அக்கா அப்போது திருவதிகைக் கோயிலில், விடியுமுன் கூட்டி, மெழுகி, பூ எடுத்து, மாலை கட்டும் தொண்டு செய்துகொண்டிருந்தார். வந்த தம்பியோடு அவர் தத்துவ வாதம் செய்யவில்லை. திருநீறு கொடுத்தார். தான் கூட்டுமாறும் சாணகமும் எடுத்துக்கொண்டு போகும் வேளையில் அவரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் தம்பியின் வாய் பாடத் தொடங்கியது, நோயும் தீர்ந்தது. திருநாவுக்கரசர் என்ற பெயரே நாக்கை வைத்து வந்த பெயர்.

சமயம் மாறியதற்காகப் பல்லவ அரசன் அவரை எரியும் சுண்ணாம்பு அறையில் 7 நாள் அடைத்து வைத்தான் என்று 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதினார். அந்த அறைக்குள் இருந்து அப்பர் பாடியதாகச் சொல்லும் பாட்டை உங்களில் அநேகர் மனப்பாடமாக அறிவீர்கள். இறைவன் திருவடி எப்படி இருக்கிறது என்று சொல்ல வந்தவர், இனிய இசையையும் சாயங்கால நிலவையும் மெல்லிய காற்றையும் வசந்தகாலத் தொடக்கத்தையும் வண்டுகள் பாடும் குளத்தையும் எடுத்துக் காட்டுகிறார். அவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று. தோல் வேகும் இடத்தில் நின்றுகொண்டு, தோல் அறிந்த ஒரு குளிர்ச்சியைக் கொண்டே கடவுளை விளக்குகிறார். முன்பு புலன்களை ஒடுக்கிப் பயிற்சி பெற்றவர், இப்போது அவற்றையே சாட்சிக்கு அழைக்கிறார்.

அவருடைய திருவங்கமாலை 4 ஆம் திருமுறையில் 9 ஆவது பதிகம். மொத்தம் 12 பாட்டு. முதல் 9 பாட்டில் தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை, உடம்பு, கால் என்று ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, அதன் வேலை என்ன, அதனால் ஆன பயன் என்ன என்று பேசுகிறார். கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடிக்கும். ஜூன் 30 ஆம் திகதி வந்தால் ஒவ்வொரு செலவுத் தலைப்பையும் எடுத்து "இதனால் என்ன வரவு?" என்று நாங்கள் கேட்பது போல அவரும் கேட்கிறார். அதிலே ஒரு நுட்பம் உண்டு. நெஞ்சைத் தனியே உயர்த்தி வைக்கவில்லை. வாய்க்கும் கைக்கும் நடுவில் அதையும் ஓர் உறுப்பாக நிறுத்தியிருக்கிறார். மற்ற உறுப்புகள் வேலை செய்யாமல் நெஞ்சு மட்டும் தூய்மையாகிவிடாது என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது. 12 ஆவது பாட்டில், வெளியே தேடியவனைத் தன் உள்ளேயே கண்டுகொண்டதாகச் சொல்லி முடிக்கிறார். தலையில் தொடங்கிய பயணம் காலோடு நின்றுவிடாமல் உள்ளே போய்ச் சேர்கிறது.

துணி வெளுக்கும் உவமை

அப்பர் பாடியதைச் சாத்திரமாக விளக்கியவர்களும் உண்டு. திருமந்திரத்தில் திருமூலர் சற்றுக் காரமாகவே பேசுகிறார். ஐந்து புலனையும் அடக்கு, அடக்கு என்று சொல்பவர்கள் அறியாதவர்கள் என்றும், ஐந்தையும் முற்றாக அடைத்துவிட்டால் மனிதன் உணர்வில்லாத பொருளாகிவிடுவான் என்றும், அடக்காமல் இருக்கும் அறிவைத் தான் அறிந்துகொண்டதாகவும் சொல்கிறார். மனம் போனபடி போகலாம் என்பது அதன் பொருள் அல்ல. புலனுக்குச் சரியான வேலையைக் கொடுக்கத் தெரிய வேண்டும் என்பதே பொருள்.

13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 8 ஆம் சூத்திரத்தில் ஓர் உவமை வைத்தார். அரசன் மகன் ஒருவன் வேடர்களிடையே வளர்ந்து, தான் யார் என்பதையே மறந்துவிடுகிறான். அந்த வேடர்கள்தான் ஐம்புலன்கள். குரு வந்து நீ யார் என்று சொல்லிக் கொடுக்கும்போது அவன் தன் தந்தையிடம் சேர்கிறான். புலன்களிடம் வளர்ந்ததால் அவன் அரச குமாரன் இல்லாமல் போய்விடவில்லை. மறந்து போனதுதான் குறை.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார். அவர் தம் சிவஞான சித்தியாரில் நேரடியாகவே ஒரு கேள்வியை எழுப்புகிறார். உடம்பும் புலன்களும் மாயையில் இருந்து வந்தவை. மாயையும் மலங்களில் ஒன்று என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அழுக்கைக் கொண்டு அழுக்கை எப்படிப் போக்குவது? அவர் சொன்ன பதில் துணி வெளுக்கும் துறையில் இருந்து வந்தது. அழுக்கான துணியில் சாணியையும் உவர்மண்ணையும் பூசி ஊற வைத்துத்தான் அந்தக் காலத்தில் வெளுப்பார்கள். பார்ப்பவனுக்கு, இருந்த அழுக்கோடு இன்னும் அழுக்குச் சேர்த்தது போலத் தெரியும். ஆனால் அந்த உவர்மண்தான் பழைய அழுக்கை இளக்கிக் கொண்டு வெளியே வருகிறது. அதுபோலவே இறைவன் உடம்பையும் புலன்களையும் தந்து ஆணவ அழுக்கைக் கழுவுகிறான் என்றார்.

பிள்ளைகளின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. கோயிலில் கண்ணுக்கும் காதுக்கும் நாக்குக்கும் கொடுப்பதெல்லாம் உவர்மண். உள்ளத்தில் ஒட்டிக் கிடப்பதை இளக்குவதற்காகப் பூசுகிறோம்.

இந்த உவமையை இன்னும் ஓர் அடி கொண்டு போய்ப் பார்க்கலாம். உவர்மண் பூசினால் மட்டும் துணி வெளுக்காது. அலச வேண்டும். பூசிய மண்ணும் பழைய அழுக்கும் சேர்ந்து தண்ணீரோடு போக வேண்டும். அலசாமல் கொடியில் போட்டுவிட்டால், துணி முன்பிருந்ததைவிட மோசமாக இருக்கும். அப்பரும் இதைச் சொல்லாமல் விடவில்லை. புண்ணிய நதிகளிலும் கடலிலும் போய் முழுகினாலும், இறைவன் எங்கும் இருப்பதை உணராதவனுக்கு அதனால் ஒன்றும் இல்லை என்று வேறொரு பதிகத்தில் அடித்துச் சொல்கிறார். இனி எங்கள் ஊர் வரலாற்றில், எந்தெந்தக் காலத்தில் அலசினார்கள், எந்தக் காலத்தில் அலசாமல் விட்டார்கள் என்று பார்ப்போம்.

கூரையில் செருகிய வாழையிலை

1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். 1621 இல் பிலிப் டி ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். மற்றக் கோயில்களும் இடிக்கப்பட்டன. 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். ஆட்சி மாறியது, ஆனால் சைவர்கள் வெளிப்படையாக வழிபட முடியாத நிலை உடனே மாறவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் எங்கள் மூதாதையர் மணிச்சத்தம் கேட்கும் கோயில் இல்லாமல் வாழ்ந்தார்கள்.

அந்த நாட்களில், விரதம் பிடித்தவர்கள் சோறு உண்ட வாழையிலையை வெளியே எறியாமல் வீட்டுக் கூரையில் செருகி மறைத்தார்கள் என்று யாழ்ப்பாணத்தில் பரம்பரையாகச் சொல்வார்கள். வெளியே எறிந்தால், இந்த வீட்டில் விரதம் என்று அதிகாரிக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தேர் இல்லை, காதுக்கு மணி இல்லை, ஆனால் நாக்கு மட்டும் வெள்ளிக்கிழமையை மறக்கவில்லை. கோயில் முழுவதும் ஒரு மரக்கறிச் சாப்பாட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தது.

அதே காலத்தவர் திருநெல்வேலி ஞானப்பிரகாசர். போர்த்துக்கேய அதிகாரியின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஒரு பசு என்ற முறையில் கொடுக்க வேண்டியிருந்ததாம். தன் முறை வருவதற்கு முதல்நாள் இரவே அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார் என்பது வரலாறாக வழங்குகிறது. வடமொழியும் சாத்திரமும் கற்றுத் துறவியானார். சிதம்பரத்தில் அவர் வெட்டுவித்த குளம் ஞானப்பிரகாசர் குளம் என்றே வழங்குகிறது. இதற்குமேல் ஒரு செய்தி உண்டு. நாங்கள் மேலே பார்த்த சிவஞான சித்தியாருக்கு உரை எழுதிய அறுவரில் இவரும் ஒருவர். சாணியும் உவர்மண்ணும் பேசும் அந்த நூலுக்கு, இரவோடு இரவாக ஊரைவிட்டு வந்த ஒரு யாழ்ப்பாணத்தவர் உரை எழுதியிருக்கிறார். அகதி என்ற சொல் எங்கள் வரலாற்றில் 1983 இல் தொடங்கவில்லை.

பிரசங்கமும் கஞ்சித் தொட்டியும்

ஒல்லாந்தரின் பிடி தளர்ந்த 18 ஆம் நூற்றாண்டில் நல்லூர்க் கோயில் மீண்டும் எழுந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலும் வந்தது. மணிச்சத்தம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கேட்பவர்களுக்கு அதன் பொருள் தெரியவில்லை என்று வருந்தியவர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1847 டிசம்பர் 31 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் பேச்சு நடந்தது. வானொலியில் பேசும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே மூத்த பரம்பரை. 1848 இல் அங்கேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெரிய புராணத்தைச் சாதாரண மக்கள் வாசிக்கக்கூடிய வசனத்தில் எழுதி அச்சிட்டார். சைவ வினாவிடை எழுதினார். கோயிலுக்கு எப்படிப் போவது, எங்கே நிற்பது, எதைச் செய்யக் கூடாது என்பதையெல்லாம் விதியாக வகுத்துக் கொடுத்தார். கோயிலில் நடந்த சதிராட்டத்தையும் உயிர்ப்பலியையும் வன்மையாகக் கண்டித்தார். கண்ணும் காதும் கோயிலுக்குள் வந்தும் வெளியே திரிந்த பழக்கத்தில் நிற்பதை அவர் ஏற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1876–77 பஞ்ச காலத்தில் நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். நைவேத்தியம் இறைவன் முன் வைத்த உணவு. கஞ்சித் தொட்டி பசித்தவன் முன் வைத்த உணவு. இரண்டும் ஒரே கையால் நடந்தன. மேலே சொன்ன அலசல் என்பது இதுதான்.

திரையும் வாய்க்கட்டும்

எல்லாக் கோயிலும் ஐந்து புலனுக்கும் ஒரே அளவில் படைப்பதில்லை. எங்கள் நாட்டின் இரண்டு முருகன் கோயில்களில் வேண்டுமென்றே ஒன்றைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். கதிர்காமத்தில் மூலத்தானம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. காட்டு வழியே எத்தனையோ நாள் நடந்து போனவர்கள் கடைசியில் காண்பது திரையைத்தான். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார். சமஸ்கிருத மந்திரம் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. ஆனால் அதே சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று அழைப்பார்கள். அங்கே போனவர் பசியோடு திரும்புவதில்லை.

திரைக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்ட அம்மம்மாமார் எத்தனை பேர். கண்ணுக்குக் கிடைக்காததைக் காலின் நடை ஈடு செய்தது. காதுக்குக் கிடைக்காத மந்திரத்தை ஒரு பிடி சோறு ஈடு செய்தது. ஒரு புலன் இல்லாதபோது மற்றப் புலன்கள் அதன் வேலையையும் ஏற்றுக்கொள்கின்றன. கண் பார்வை மங்கி, காது கேளாமல் வீட்டில் இருக்கும் எங்கள் முதியவர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

பூட்டிய கதவு

இப்போது சங்கடமான பகுதி. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு உண்மையாக இராது.

பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் என்ற நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். உள்ளே எழுந்த ஒலி அவர் கொடுத்த தோலில் இருந்து வந்தது, ஆனால் அவர் உள்ளே போக முடியாது. திருப்புன்கூரில் வெளியே நின்று பார்க்க முயன்றபோது நந்தி வழிவிட்டு விலகியது என்பது கதை. கல் நந்தி விலகியது, மனிதர்கள் விலகியதாகக் கதையில் இல்லை.

இந்தக் கதையைப் புராணப் படிப்பில் கேட்டுக் கண்ணீர் விட்ட யாழ்ப்பாணம், தன் கோயில்களின் கதவைப் பலருக்குப் பூட்டியே வைத்திருந்தது. நாவலரும் தம் காலத்துச் சாதிக் கட்டுப்பாட்டைத் தாண்டி வரவில்லை. 1957 இல் பொது இடங்களில் சாதி காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. 11 ஆண்டு கழித்து 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் அறவழியில் வாசலில் இருந்தபோதும் கதவு எளிதில் திறக்கவில்லை. உள்ளே தீபம் எரிந்தது, மணி அடித்தது, சாம்பிராணி புகைந்தது. உவர்மண் தாராளமாகப் பூசப்பட்டது. அலசல் மட்டும் நடக்கவில்லை.

அந்தக் கதவை ஒரு காலத்தில் காலம் வேறு விதமாக அடைத்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, மாவிட்டபுரமும் கீரிமலை நகுலேஸ்வரமும் எல்லோருக்குமே எட்டாத இடங்களாயின. உயர் பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பி யாரிடமும் சாதி கேட்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. அன்றும் அதற்குப் பின்னரும் கோயில் மண்டபங்களும் தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் வந்தவர்களுக்கு இடம் கொடுத்தன. கோயில் தரையில் பக்கத்துப் பக்கத்தில் படுத்தவர்கள், யார் எவர் என்று பார்க்கும் நிலையில் இருக்கவில்லை. துன்பம் அந்த அலசலைச் சில நாட்களுக்காவது செய்து வைத்தது. அதை நாங்களாகவே, துன்பம் இல்லாத காலத்தில் செய்யக்கூடாதா என்பதே கேள்வி.

மேய்ஸ் ஹில் வரை

1983 க்குப் பிறகு இங்கே வந்தவர்கள் பெட்டியில் அதிகம் கொண்டு வரவில்லை. கோயிலைக் கொண்டு வர முடியாது. ஆனால் கண்ணும் காதும் மூக்கும் நாக்கும் கூடவே வந்தன, அவற்றில் பழகிய நினைவும் வந்தது. அந்தப் பழக்கமே பிறகு கட்டடமாகியது. 1985 இல் சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பேர்க்கில் வெங்கடேஸ்வரர் கோயில் குடமுழுக்குக் கண்டது. 1994 இல் மெல்பேர்ண் கரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு ஆலயம் வந்தது. 1999 இல் மேய்ஸ் ஹில்லில் சிட்னி முருகன் கோயில் திறந்தது. செவன் ஹில்ஸ், துங்காபி, பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில் பக்கம் இருக்கும் எங்களுக்கு அது காரில் சிறு தூரம்.

இந்த நாட்டில் புலன்களுக்குச் சில புதிய பாடங்கள் தேவைப்பட்டன. ஊரில் மார்கழித் திருவெம்பாவைக்கு எழும்புவது குளிரிலும் இருட்டிலும். இங்கே டிசம்பரில் 6 மணிக்கு முன்னரே சூரியன் வந்துவிடுகிறது, நடுப்பகலில் தார் றோட்டு உருகுகிறது. கந்தசஷ்டிக்கு ஊரில் மாரிமழை. இங்கே ஜக்கரண்டா மரங்கள் ஊதாப் பூச் சொரியும் காலம். 2006 மே மாதத்தில் இருந்து நியூ சவுத் வேல்ஸ் வீடுகளில் புகை அலாரம் கட்டாயமானது. அதன்பின் சுவாமி அறையில் சாம்பிராணி போடுமுன் யன்னலைத் திறக்காத வீட்டில், பஞ்சபுராணத்துக்கு முன்னர் அலாரம் பாடிவிடும். சிரிப்புக்காகச் சொன்னாலும், புலன்வழி வழிபாடு இடத்துக்கு ஏற்ப வளையும் என்பதற்கு இது சாட்சி. யாழ்ப்பாணத்தில் கூரையில் இலை செருகத் தெரிந்தவர்களுக்கு இங்கே யன்னல் திறக்கத் தெரியாதா?

கோயில் இருக்கிறது, தேர் இருக்கிறது, பூவும் புகையும் இருக்கின்றன. உவர்மண்ணுக்குக் குறைவில்லை. அலசல் எப்படி இருக்கிறது? கணக்காளன் கேட்கும் கேள்வியாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்: தேர் வரும்போது நூற்றுக்கணக்கான கைத்தொலைபேசிகள் மேலே எழுகின்றன. படம் எடுப்பது பாவம் இல்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவதற்காக எடுப்பவர்களும் உண்டு. ஆனால் படத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, எதிரே நிற்கும் சுவாமியை ஒருமுறையாவது திரை இல்லாமல் பார்க்கிறோமா? கதிர்காமத்தில் திரை தானாக இருந்தது. இங்கே நாங்களே ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

காது: தேவாரம் கேட்ட காதுக்கு, கோயில் வாசலில் தனியே நிற்கும் முதியவரின் பேச்சைக் கேட்கப் பத்து நிமிடம் கிடைக்கிறதா? கேட்கிற நாளில் அவர் சொல்வது இந்தக் கட்டுரையில் உள்ளதைவிட நல்ல வரலாறாக இருக்கும்.

நாக்கு: பிரசாதம் உண்ட நாக்கு, காலணி போடும் இடத்தில் மற்றவரைப் பற்றி என்ன பேசுகிறது? எந்த ஊர், எந்தப் பகுதி, ஆருடைய ஆட்கள் என்று விசாரிக்கும் அந்தப் பழைய கேள்வி, மாவிட்டபுரத்துக் கதவின் சிறிய திறப்புத்தான். இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் பொருள் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

கை: 2009 க்குப் பிறகு படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் காத்திருந்த எங்கள் ஆட்கள் உண்டு. இன்னும் முடிவு தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. தேர் வடம் பிடித்த கை அவர்களில் ஒருவருக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கலாம், ஒரு வேலைக்குச் சிபாரிசு சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அழைக்கலாம். நாவலரின் கஞ்சித் தொட்டி இந்த நாட்டில் எடுக்கக்கூடிய உருவம் இதுதான்.

கால்: கோயிலை மூன்று முறை சுற்றும் கால், அடுத்த தெருவில் உள்ள முதியோர் இல்லத்துக்கும் ஒருமுறை போகட்டும்.

பிள்ளைகள் மறுபடியும் கேட்டால், துணி வெளுக்கும் கதையைச் சொல்லுங்கள். சலவை இயந்திரத்தில் சவர்க்காரத் தூள் போடுவது அவர்களுக்கும் தெரியும். தூள் போட்டவுடன் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் உடுப்பு எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பதிலை அவர்களே சொல்வார்கள். அதற்குப் பிறகு, சத்தத்தையும் புகையையும் பற்றிய அவர்களுடைய கேள்வி வேறொரு கேள்வியாக மாறும்: நாங்கள் அலசுகிறோமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்.